கும்பிட்டால் திறக்கும் பூட்டு

“பொண்ணுகிட்ட நான் பேசணும்.”

தமிழ்ச்செல்வி இதைச் சொன்னபோது பாண்டிராஜின் வாயில் ஒரு மடக்குத் தேநீர் இருந்தது. அவர் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இயங்கும் கருடன் துப்பறியும் நிறுவனத்தில் விதிகள் என்று அதிகம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, அதை நடத்தும் பாண்டிராஜ் அவளுக்கு ஒரே ஒரு விதியைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். கல்யாண விசாரணையில் மாப்பிள்ளைக்கு முடி வெட்டுகிறவரைக் கேட்கலாம். அவர் புரோட்டா தின்னும் கடையில் கேட்கலாம். எதிர்வீட்டு நாயைக்கூடக் கேட்கலாம். பெண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மட்டும் வாடிக்கையாளரிடம் கேட்கவே கூடாது. கேட்டால் பெண் அழும், அப்பா எழுந்து போய்விடுவார், கேஸ் கையை விட்டுப் போய்விடும்.

அந்த விதியைச் செல்வி இதுவரை மீறியதில்லை. எத்தனையோ கல்யாணங்களை நடத்தியும் நிறுத்தியும் வைத்திருந்தாள். ஒரு மணப்பெண்ணின் குரலைக்கூடக் கேட்டதில்லை. இன்று காலை அது அவளுக்குத் திடீரென்று கிறுக்குத்தனமாகப் பட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் பாலசுந்தரம், காமராஜர் சாலைப் பக்கம் சேலை மொத்த வியாபாரம் செய்பவர். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மூக்குக் கண்ணாடியின் இடது கால் உடைந்து, அதன் மேல் ஜரிகை நூலைச் சுற்றி ஒப்பேற்றியிருந்தார். மேசைமேல் அவர் மகள் காவ்யஸ்ரீயின் செல்போன் கிடந்தது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம்.

போனின் வெளிப்பூட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திறந்தால் சாமி பாட்டு, சமையல் குறிப்பு, சித்தி பெண்ணின் குழந்தை படம். ஆனால் அந்தப் போனுக்குள் இன்னொரு போன் இருந்தது. தனிக் கணக்கு, தனிப் பூட்டு. உள்ளே போக விரல் ரேகை வேண்டும், இல்லாவிட்டால் ஆறு இலக்க எண் வேண்டும். நேற்றுத் தற்செயலாக அதைக் கண்டுபிடித்த பாலசுந்தரம் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இன்று சாயங்காலம் செல்போன் கடை ஜெயபாண்டி வீட்டுக்கு வந்து, போனில் இருப்பதை எல்லாம் துடைத்துப் புதுசு போல ஆக்கிக் கொடுப்பதாக ஏற்பாடு. அழிப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“உள்ள ஒரு பையன் இருக்கான்மா. இருந்தே தீருவான்,” என்றார்.

“உங்க பொண்ணுகிட்ட கேட்டீங்களா?”

“கல்யாண வீட்டுல இதெல்லாம் கேக்குற விஷயமா?”

கேட்கவில்லை. ஆனால் அவர் மனைவி கனகலட்சுமி, மகள் அசந்து தூங்கும்போது அவள் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போனில் வைத்துப் பார்த்திருக்கிறார். பத்து விரலுக்கும் பூட்டு திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது பாலசுந்தரத்தின் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“அப்ப பதினொண்ணாவது விரல் ஒண்ணு இருக்கணும்ங்க,” என்றார் கதவோரம் நின்ற சவரியப்பன். மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். செல்விக்கு உதவியாள் என்று பெயர். ஸ்கூட்டர் ஓட்டுவதும், யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வதும் அவர் பொறுப்பு.

பாலசுந்தரம் சிரிக்கவில்லை. பாண்டிராஜ் ஒருவழியாகத் தேநீரை விழுங்கிவிட்டுச் செல்வியை மூலைக்கு இழுத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒற்றை விதியை மறுபடியும் முதலிலிருந்து ஓதினார். அவள் கேட்டுக்கொண்டே வாடிக்கையாளரைக் கவனித்தாள். காத்திருக்கும் நேரம் வீணாகாமல் அவர் தன்னுடைய போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

செல்விக்கும் அது தெரியும். மதுரையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ‘கத்தரிக்கா முதலாளி’. ஊதாக் கத்தரிக்காய் ஒன்று, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். யார் முகமும் தெரியாது. கரகரத்த ஒரு கிழட்டுக் குரல் மட்டும் கடைப் பையன்களை வாட்டி எடுக்கும். ‘ஏம்ப்பா, ஃபேனை எதுக்குப் போட்ட? காத்து வர்ற மாதிரி நெனச்சுக்க, போதும்.’

பாலசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சவரியப்பனிடம் போனை நீட்டினார். “இந்தாளு அப்படியே எங்க சித்தப்பா மகன்தான். கடைஞ்செடுத்த கஞ்சன்.”

சவரியப்பனும் அந்தக் கத்தரிக்காயின் ரசிகர். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். எட்டிப் பார்த்த செல்வியின் கண்ணில் ஒன்று பட்டது. கத்தரிக்காயின் கண்ணாடியிலும் இடது காலில் ஜரிகை நூல் சுற்றியிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அப்போது தெரியவில்லை. மனதின் ஓரமாகப் போட்டு வைத்தாள்.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. செல்வி போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அம்மாவிடம் பேசலாம். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பாலசுந்தரம் கடையைச் சாத்திவிட்டு ஜெயபாண்டியோடு வந்து சேர்வார்.

சிம்மக்கல் தாண்டும்வரை சவரியப்பன் பேசாமல் வந்ததே பெரிய விஷயம். ஸ்கூட்டர் சிக்னலில் நின்றதும் வாயைத் திறந்தார்.

“உனக்கு எதுக்கு தாயி இம்புட்டு கோவம்? அந்தப் புள்ள யாரோ, நீ யாரோ.”

செல்வி சிக்னல் விளக்கைப் பார்த்தாள். போன மாதம் சொந்த ஊரான திருவாதவூரில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். உயரம் எவ்வளவு, வேலை நிரந்தரமா, சமைக்க வருமா என்று அத்தனையும் அவள் அப்பாவிடம் கேட்டார்கள். அவள் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அந்த வீட்டில் அவள். குற்றவியலில் பட்டம் வாங்கியவள். பஜ்ஜியில் உப்புச் சரியா என்றுகூட அவளிடம் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தாலாவது பாதிக் கோபம் குறைந்திருக்கும்.

“பச்சை விழுந்துருச்சு அண்ணே. ஓட்டுங்க,” என்றாள்.

பாலசுந்தரத்தின் வீடு சந்துக்குள் ஒடுங்கி, மேலே மேலே வளர்ந்திருந்தது. முற்றத்தில் கனகலட்சுமி குத்துவிளக்குகளைப் பரப்பி வைத்து, புளியும் உப்பும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். கூடமெங்கும் தாம்பூலப் பைகள், சேலைப் பெட்டிகள், கட்டுக் கட்டாக அழைப்பிதழ்கள். உள்ளேயிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி ஏதோ கேட்க, கனகலட்சுமி தங்கள் சௌராஷ்டிர மொழியில் பதில் சொல்லிவிட்டு, செல்வி பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். வீட்டுக்குள் எப்போதும் எங்கள் பேச்சுதான் என்றார். கடையில் வேலைக்காரர்களிடம் மட்டும் கணவர் தமிழில் பேசுவாராம். அந்தத் தமிழை வீட்டில் யாரும் கேட்பதில்லை. லீவு நாளில் கூடவே கடைக்குப் போய் உட்காரும் காவ்யாவுக்கு மட்டும் பழக்கமாம்.

மகளைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் கனகலட்சுமிக்குக் கண் கலங்கியது. நல்ல பெண். அதிர்ந்து பேச மாட்டாள். நண்பர்கள் இல்லை. போனும் கையுமாக மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அதிலும் பக்திதான்.

“போன்ல என்ன பக்தி?”

“சாமி படம் வச்சிருக்கா போல. எடுத்ததும் முதல் வேலையா அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. அப்புறந்தான் பாக்க ஆரம்பிப்பா. தினம் நாலஞ்சு தடவை. பாத்தா நமக்கே சிலுத்துப் போகும்.”

அதனால்தான் உள்ளே பையன் இருப்பான் என்று தன்னால் முழுதாக நம்ப முடியவில்லை என்றார். ஆனாலும் பத்து விரலையும் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன்பும் ஒருமுறை, ஆண்டு இரண்டு இருக்கும், வெளிப்பூட்டைத் திறக்க அப்படிச் செய்யப் போய்ப் பாதியில் அவள் விழித்துக்கொண்டாளாம். அன்றைக்கு அவள் எதுவும் சொல்லவில்லையாம்.

செல்வி மகளின் அலமாரியைப் பார்க்க எழுந்தாள். பாதை இல்லாத கூடத்தில் பாதை தேடியபோது, கால் அழைப்பிதழ்க் கட்டு ஒன்றில் இடித்தது. சட்டென்று குனிந்து, கட்டைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்த சவரியப்பன் இன்னொரு கட்டில் இடித்துக்கொண்டு அதையே செய்தார்.

“நீங்களும் இதைச் செய்வீங்களா அண்ணே?”

“காலுக்கு ஏது தாயி ஞானஸ்நானம்? காகிதத்துல கால் பட்டா கை தானா போகுது.”

செல்வி குனிந்த நிலையிலேயே நின்றாள். கை தானாகப் போகிறது. புத்தகத்தில் கால் பட்டால், காசில் கால் பட்டால், அரிசியில் கால் பட்டால். யோசித்துச் செய்வதில்லை, யோசித்து நிறுத்தவும் முடியாது. சாமி படத்தைக் கும்பிடுகிறவர்கள் படத்தைப் பார்த்தபின் கும்பிடுவார்கள். பார்ப்பதற்கு முன்னால் தொட்டுக் கும்பிடுகிறவள் எதைக் கும்பிடுகிறாள்?

“சவரியண்ணே,” என்றாள் மெதுவாக. “உங்க பதினொண்ணாவது விரல் கெடைச்சுருச்சு.”

அவர் தன் கையைப் பார்த்தார். அவள் அவருடைய காலைப் பார்த்தாள். அவரும் காலைப் பார்த்தார். பிறகு இருவரும் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

பெண்ணிடம் பேசக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். நலங்கு வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செல்வி கனகலட்சுமியிடம் போய், கல்யாணப் பெண் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை, மஞ்சளும் சந்தனமும் கொடுத்தால் ஒரு நலங்கு வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்றாள். நலங்கு வைக்க வந்தவளை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? கனகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துக் கொடுத்தார்.

காவ்யஸ்ரீ மாடி அறையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைவிரல் நுனிகளிலும் கால்விரல் நுனிகளிலும் மருதாணித் தொப்பி பழுத்துச் சிவந்து, கிட்டத்தட்டக் கறுத்திருந்தது. செல்வி தட்டைக் கீழே வைத்து, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“கால் கட்டைவிரல்தானே?”

பெண் நிமிர்ந்தாள். “யாரு சொன்னா?”

“நீதான். ஒவ்வொரு தடவையும் ஊரறியக் கும்பிட்டிருக்கியே.”

காவ்யஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூக்கத்தில் விழித்துப் பார்த்தபோது தன் கட்டைவிரல் அம்மாவின் கையில் இருந்ததாம். பத்து விரலும் வீட்டுக்குப் பொதுவாகிவிட்டது என்று அன்று புரிந்ததாம். கால் விரல் எவருக்கும் தோன்றாது. ஆனால் கால் பட்டதும் கை போய்விடுகிறது. எவ்வளவோ முயன்றும் நிறுத்த முடியவில்லையாம்.

“சரி, திறந்துரு. உங்கப்பா வர்றதுக்குள்ள.”

“திறக்க மாட்டேங்குதுக்கா.”

மருதாணி. அம்மா ஆசையாக அரைத்து, ஒரு விரல் விடாமல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பூட்டு அந்தக் கட்டைவிரலை யார் நீ என்று கேட்கிறது. ஆறு இலக்க எண்ணை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை போட்டதோடு சரி, அது சுத்தமாக மறந்துவிட்டது. தப்பாக வைக்க வைக்கக் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. இனி ஒருமுறை தப்பினால், அந்தக் காத்திருப்பு முடிவதற்குள் ஜெயபாண்டி வந்துவிடுவார்.

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். திறக்க மறுக்கிறாள் என்று ஒரு வீடே இவளைச் சுற்றிக் காவல் இருக்கிறது. திறக்க முடியாமல் தவிப்பதே இவள்தான். உள்ளே போக மற்ற எல்லோரையும்விட இவளுக்குத்தான் அவசரம். ‘ஏன்மா திறக்க மாட்டேங்குற’ என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

“உள்ள யாரு?” என்றாள் செல்வி. அதிர்ந்து பேசாத அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு அவள் வாயிலிருந்து ஒரு கிழவர் பேசினார்.

“ஏம்ப்பா, நலங்குக்கு இம்புட்டு மஞ்சளா? சுவத்துல மஞ்ச பெயிண்ட் அடிச்சிருக்குல்ல, அதுல கன்னத்தைத் தேச்சுக்க.”

படியில் சவரியப்பன் நின்றிருந்தார். அப்படியே படியில் உட்கார்ந்தார். “கத்தரிக்கா,” என்றார், நற்கருணைக்கு முன்னால் நிற்கிறவரைப் போல.

செல்வி மனதின் ஓரத்தில் போட்டு வைத்திருந்த ஜரிகை நூல் தானாக வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது. அப்பாவின் பழைய கண்ணாடி. அப்பாவின் கடைத் தமிழ். ஆண்டுக்கணக்கில் தன்னையே பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, சித்தப்பா மகன் என்று சொல்லித் திரியும் அப்பா.

வீடியோ போடும் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் போனின் அந்த உள்ளறையில்தான் இருந்தன. இன்னும் வெளியிடாத ஒலிப்பதிவுகளும் அங்கேதான். ஜெயபாண்டி துடைத்துவிட்டால் கத்தரிக்காய் செத்தது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்குக் காவ்யஸ்ரீ, நல்லவராகத்தான் தெரிகிறார் என்றாள். கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. எதையும் சொல்லும்படி எவரும் கேட்கவில்லை.

“இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்க்கா.”

செல்வி அவள் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “அண்ணே, முற்றத்துல வெளக்குத் தேய்க்கிற புளி இருக்கு. ஒரு உருண்டை எடுத்துட்டு வாங்க.”

“ரசமா தாயி?”

“கைநாட்டு.”

“கால்நாட்டுன்னு சொல்லு,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

புளி வந்தது. செல்வி சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, மணப்பெண்ணின் இடது கால் கட்டைவிரலைப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்க ஆரம்பித்தாள். துப்பறியும் தொழிலில் இப்படி ஒரு நாள் வரும் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லவில்லை. காவ்யஸ்ரீ கூச்சத்தில் நெளிந்தாள். சவரியப்பன் போனைப் பார்த்தபடி காத்திருப்பு நேரம் குறைவதை வானொலி அறிவிப்பாளர் போல வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கனகலட்சுமி வந்தார். வாசலில் நின்று, மகளின் காலையும் புளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

செல்விக்கு ஒன்றும் தோன்றவில்லை. சவரியப்பனுக்கு எப்போதும் ஏதாவது தோன்றும்.

“திருவாதவூர்ப் பக்கம் நலங்கு இப்படித்தாம்மா. புளி வச்சாத்தான் பொண்ணு போற இடத்துல பளிச்சுன்னு இருக்கும்.”

கனகலட்சுமி சற்று யோசித்தார். கீழே போனார். ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தார். “வெறும் புளி போதாதுங்க. உப்பும் சேத்துக்குங்க,” என்று செல்வியிடம் கொடுத்துவிட்டு, விளக்குகள் காத்திருக்கின்றன என்று இறங்கிப் போனார்.

உப்பு வேலை செய்தது. தோல் இளஞ்சிவப்பாக வெளுத்தது. கீழே வாசலில் ஒரு பைக் வந்து நின்ற சத்தம், தொடர்ந்து பாலசுந்தரத்தின் இருமல். செல்வி துப்பட்டாவால் கட்டைவிரலை ஒற்றி உலர்த்தினாள். காவ்யஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொண்டு போனின்மேல் காலை வைத்தாள்.

பூட்டு ஒரு விநாடி யோசித்துவிட்டு வழிவிட்டது. காவ்யஸ்ரீ போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செல்வியும் ஒற்றிக்கொண்டாள். சவரியப்பன் ஒற்றிக்கொண்டு, நெஞ்சில் சிலுவையும் போட்டுக்கொண்டார்.

“இப்ப என்ன செய்யலாம்?” என்றாள் செல்வி. “நீ சொல்லு.”

காவ்யஸ்ரீக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சேலைப் பெட்டியை இழுத்தாள். அதற்குள் ஜரிகை நூல் சுற்றிய பழைய கண்ணாடியும், சற்று வாடிய ஒரு கத்தரிக்காயும் இருந்தன.

“நான் பாத்துக்குறேன்க்கா,” என்றாள். “ஆனா போன் எங்கன்னு உங்ககிட்ட கேப்பாங்களே.”

“கேக்கட்டும்.”

அந்த ஒரு சொல்லிலேயே முடிவு ஆகிவிட்டது. படி இறங்கும்போது செல்வி யோசிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. கழுத்தில் தொங்கிய கருடன் அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

கூடத்தில் பாலசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயபாண்டி மடிக்கணினியும் வயர்களுமாகத் தயாராக இருந்தார்.

“திறந்துச்சா?”

“திறந்துச்சு.”

“உள்ள யாரு? எந்த ஊரு? என்ன சாதி?”

உள்ளே பையன் யாரும் இல்லை என்றாள் செல்வி. அப்படியானால் வேறு என்ன இருக்கிறது என்றார். அதை நான் சொல்வதற்கில்லை, உங்கள் பெண்ணைக் கேளுங்கள் என்றாள். போன் எங்கே என்றார். போன் யாருடையதோ அவரிடம் கொடுத்துவிட்டேன் என்றாள். பாலசுந்தரத்துக்கு முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அவர் பாண்டிராஜை அழைத்து, ஒலியைக் கூட்டி, போனைச் செல்வியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பாண்டிராஜின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “செல்வி, உள்ள என்ன இருக்குன்னு கஸ்டமர்ட்ட சொல்லு. சொல்லலேன்னா நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத.”

“சரிண்ணே,” என்றாள் செல்வி. அடையாள அட்டையைத் தாம்பூலப் பைகளின்மேல் வைத்தாள்.

“சரின்னா? எதுக்குச் சரி?” என்று பாண்டிராஜ் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாலசுந்தரத்தின் போன் டிங் என்றது. அவர் கோபத்திலும் பழக்க தோஷம் விடாமல் குனிந்து பார்த்தார். கத்தரிக்கா முதலாளி, நேரலை. கட்டைவிரல் தன்னால் அதைத் தொட்டது. பாண்டிராஜ் மறைந்து, கண்ணாடி போட்ட கத்தரிக்காய் தோன்றியது.

“ஏம்ப்பா, எம் மக போனுக்குள்ள எவனோ ஒளிஞ்சிருக்கான். தூங்கும்போது பத்து விரலையும் வச்சுப் பாத்தாச்சு. இப்பத் துப்பறியுற ஆளையும் கூட்டியாந்தாச்சு.”

ஜெயபாண்டி குபீரென்று சிரித்தார். பாலசுந்தரத்தின் தோளும் ஒருமுறை குலுங்கியது.

“அவகிட்டயே கேட்டா என்னங்கிறியா? கேக்கலாம். வாய் தேஞ்சு போகும்ல.”

தோள் நின்றது. ஒவ்வொரு வார்த்தையும் கூடத்தில் இரண்டு முறை கேட்பதை அவர் இப்போதுதான் கவனித்தார். முதலில் மாடியிலிருந்து வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அதுவே அவர் கையிலிருந்து வந்தது. அவர் அண்ணாந்து படியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். இடது காலில் சுற்றியிருந்த ஜரிகை நூலை, அதை இதுவரை பார்த்தே இராதவர்போல, விரலால் தடவினார். முற்றத்தில் புளியும் கையுமாக நின்ற கனகலட்சுமி தங்கள் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். பாலசுந்தரம் கண்ணாடியை அவர் பக்கம் நீட்டிக் காட்டினார்.

செல்வி வாசலை நோக்கி நடந்தாள். அவள் துப்பட்டா பட்டு, தாம்பூலப் பைகளின் மேலிருந்த அடையாள அட்டை தரையில் விழுந்தது. அடுத்த அடியில் அவள் கால் அதன்மேல் பட்டது.

“தாயி, கால் பட்டுருச்சு,” என்றார் பின்னால் வந்த சவரியப்பன்.

“தெரியும்ண்ணே.”

குனியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சந்துக்குள் இறங்கி நடந்தாள்.